ஏசி செத்த கோடையில்: ஃபர்னஸா, ஹீற் பம்ப்பா, இரண்டுமா?

2024 ஜூலையில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு ஏசி நின்றுபோனது. 2006இல் பூட்டிய மெசின். பார்க்க வந்த பொடியன் வெளியே குந்தியிருந்து கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு எழும்பினான். "ஆர்-22 அண்ணை. ஒழுகுது. அடைச்சு நிரப்பிற காசுக்குக் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாம்" என்றான். ஆர்-22 என்பது பழைய ஏசிகளில் ஓடும் குளிரூட்டி வாயு. கனடாவில் அதன் தயாரிப்பும் இறக்குமதியும் 2020உடன் நின்றுவிட்டன. மீட்டுச் சுத்திகரித்த பழைய இருப்புத்தான் மிச்சம், விலையும் அப்படித்தான். சரி, புது ஏசி வாங்குவோம் என்று நினைத்தபோதுதான் அடுத்த கேள்வியைப் போட்டான்: "ஏசி வாங்கிறதெண்டால் ஹீற் பம்ப்பா வாங்குங்கோவன்?"

அந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் ஓடியது. மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஏசி மட்டும் என்றால் 5,500 டொலர். அதே இடத்தில் ஹீற் பம்ப் வைத்து, காஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை அப்படியே விட்டால் 8,900. காஸை முற்றாக வெட்டிவிட்டுக் கடுங்குளிருக்கான ஹீற் பம்ப், மின்சாரச் சூடேற்றி, 200 அம்பியர் மின் பனல் எல்லாம் போட்டால் 18,000க்கு மேல். இது என் வீட்டுக்கு வந்த கணக்கு. உங்கள் வீட்டுக்கு எண்கள் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

முடிவைச் சொல்லுமுன் மெசினைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். ஏசி என்ன செய்கிறது? வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஹீற் பம்ப்பும் அதே மெசின்தான். திசை மாற்றும் வால்வு ஒன்று அதில் கூடுதலாக இருக்கும். அது திரும்பியதும் வெளியே உள்ள சூட்டை அள்ளி உள்ளே கொட்டத் தொடங்கும். மைனஸ் 10 காற்றில் சூடு எங்கே இருக்கிறது என்று என் மாமியும் கேட்டார். வெளியே உள்ள சுருளில் ஓடும் திரவம் அந்தக் காற்றைவிடக் குளிராக இருந்தால் போதும், சூடு தானாக அதற்குள் ஏறும். உள்ளே மரக்கறி குளிராக இருக்கும்போது ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஏன் சுடுகிறது? அதே கதைதான்.

இதில் எரிப்பது எதுவுமில்லை, சூட்டை இடம் மாற்றுவதுதான் வேலை. அதனால் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அலகு சூடு கிடைக்கும். எத்தனை மடங்கு என்பது வெளிக்குளிரைப் பொறுத்தது. நல்ல மெசின் ஒன்று பிளஸ் 8இல் மூன்று, மூன்றரை மடங்கு தரும். மைனஸ் 8இல் இரண்டு, இரண்டரை. மைனஸ் 15இல் இரண்டுக்குக் கிட்ட. சுவரோரம் இருக்கும் பழைய மின்சார பேஸ்போட் எந்தக் குளிரிலும் ஒரு மடங்குதான்.

விற்க வருபவர்கள் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு. குளிர் கூடக்கூட மடங்கு மட்டுமல்ல, மெசினின் பலமும் குறையும். 3 தொன் என்று எழுதியிருந்தால் மணிக்கு 36,000 பி.ரி.யு (சூட்டை அளக்கும் அலகு) என்று அர்த்தம். ஆனால் அது இதமான காலநிலையில் அளந்தது. சாதாரண மெசின் மைனஸ் 15இல் அதில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். கடுங்குளிருக்கென்று செய்தவை தேவைக்கேற்ப வேகம் மாறும் இன்வேர்ட்டர் கம்பிரசரின் உதவியால் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கும், சில மைனஸ் 25, 30 வரைக்கும் ஓடும். ஆகவே பிரசுரத்தின் முதல் பக்க எண்ணை விட்டுவிட்டு, "மைனஸ் 15இல் எத்தனை பி.ரி.யு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் ஆளிடம் வாங்கவேண்டாம்.

முதலில் இலகுவான கேஸ்கள்

உங்கள் வீட்டில் காஸே இல்லை, பேஸ்போட்டில்தான் சூடு என்றால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை. சுவரில் மாட்டும், டக்ற் (காற்றுக்குழாய்) தேவைப்படாத மினி ஸ்பிளிற் ஹீற் பம்ப் ஒன்றோ இரண்டோ போடுங்கள். ஒரு மடங்கு சூட்டுக்குப் பதில் இரண்டு, மூன்று மடங்கு வரும். சூட்டுக்கான செலவு பாதியாகும், அதற்குக் கீழேயும் போகலாம். கோடையில் ஏசி இலவசம். பேஸ்போட்டைக் கழற்றாமல் விடுங்கள், கடுங்குளிர் நாட்களுக்கு உதவும். தவுன்ஹவுஸ், கொண்டோ என்றால் வெளி யூனிற் வைக்க நிர்வாகத்தின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

நிலத்தடிச் சூட்டை எடுக்க, நிலத்தைத் தோண்டிக் குழாய் இறக்கும் ஹீற் பம்ப் முறை மிக நல்லது. ஆனால் ரொறன்ரோவின் சின்னக் காணியில் துளை இயந்திரம் உள்ளே வர இடமும், அதற்குக் கொட்டக் காசும் இருப்பவர்கள் அரிது.

ஏசி புதிது, ஃபர்னஸும் புதிது என்றால் எதையும் தொடாதீர்கள். பரணின் இன்சுலேஷனைக் கூட்டுங்கள், கதவு யன்னல் இடுக்குகளை அடையுங்கள். பின்னால் வாங்கும் மெசினும் அதனால் சிறிதாகும்.

சிக்கலான கேஸ் எங்களுடையது: காஸ் இருக்கிறது, ஃபர்னஸ் நன்றாக ஓடுகிறது, ஏசி மட்டும் செத்துவிட்டது. இங்கே உள்ள பழைய தனிவீடுகளில் பலருக்கும் இதுதான் நிலைமை.

பில்லில் உள்ள இரண்டு எண்கள்

ஒரு கன மீற்றர் இயற்கை வாயுவில் ஏறத்தாழ 10.5 கிலோவாற் மணி சூடு இருக்கிறது. 95 வீதத் திறனுள்ள ஃபர்னஸ் அதில் 10ஐ வீட்டுக்குள் தரும். எனவே காஸ் பில்லில் பாவனையோடு ஏறும் கட்டணங்களை மட்டும் கூட்டி (மாதாந்த நிலைக் கட்டணத்தை விட்டுவிடுங்கள்) கன மீற்றர் எண்ணிக்கையால் பிரித்து, வருவதைப் பத்தால் பிரியுங்கள். என் பில்லில் கன மீற்றருக்கு ஏறத்தாழ 32 சதம், அதாவது ஒரு கிலோவாற் மணி சூட்டுக்கு 3.2 சதம். 2025 ஏப்ரல் முதலாம் திகதி மத்திய அரசு வீட்டுப் பாவனைக்கான கார்பன் கட்டணத்தை நீக்கியது. அதுவரை கன மீற்றருக்கு 15.25 சதம் அதற்கே போனது. அது போனபின் காஸ் மலிந்தது. ஹீற் பம்ப்பின் கணக்கு அந்த அளவுக்குப் பின்வாங்கியது. 2023, 24இல் எழுதப்பட்ட ஒப்பீடுகளை இப்போது அப்படியே நம்பவேண்டாம்.

ஹைட்ரோ பில்லிலும், அதாவது மின்சார பில்லிலும், அதையே செய்யுங்கள். நேரத்துக்கு நேரம் மாறும் வழமையான திட்டத்தில் எனக்குச் சராசரி 13 சதமளவில் வந்தது. 13ஐ 3.2ஆல் பிரித்தால் நாலு. அதாவது மெசின் நாலு மடங்கு தந்தால்தான் காஸோடு சமம். குளிர்காலத்தில் அது நடக்காது. "ஹீற் பம்ப் போட்டால் பில் பாதியாகும்" என்று காஸ் வீட்டுக்காரரிடம் சொல்பவர் ஒன்றில் கணக்குப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.

ஆனால் ஒன்ராறியோவில் 2023 மே மாதம் முதல் இன்னொரு திட்டமும் இருக்கிறது. இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு, வாரநாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை கொள்ளை விலை. இரவு விலையில் எல்லாம் சேர்த்து எனக்கு 5 சதமளவில் வந்தது. 5ஐ 3.2ஆல் பிரித்தால் 1.6 மடங்கு போதும். நல்ல மெசின் மைனஸ் 15இலும் அதைத் தரும். ஆக, இரவு 2 மணிக்கு ஹீற் பம்ப் வெல்கிறது, பின்னேரம் 6 மணிக்கு ஃபர்னஸ் வெல்கிறது. வீடும் அதே, வெளிக்குளிரும் அதே.

இதைப் பார்த்தபின்தான் "இரண்டுமா" என்ற மூன்றாவது பாதை எனக்குச் சரியாகப் பட்டது. எப்படியும் ஏசிக்கு 5,500 கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே ஹீற் பம்ப்பின் உண்மையான விலை 8,900 அல்ல, மேலதிகமாகப் போட்ட 3,400தான். அந்தக் காசுக்கு ஒக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் முழுவதற்கும், நடுக்குளிரின் இரவுகளுக்கும் வேறொரு சூடு கிடைக்கிறது. ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுமின்னும் நீர்மின்னும், கடைசி நிலக்கரி நிலையம் 2014இல் மூடப்பட்டது. அதனால் புகை விஷயத்திலும் இது சுத்தமான பக்கம். பண மிச்சம் பெரிதாக இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு குளிர்காலம் போய்விட்டது, அந்த 3,400 இன்னும் திரும்பி வரவில்லை.

முழு மின்சாரத்துக்கு ஏன் போகவில்லை?

மூன்று காரணங்கள். முதலாவது பனல். எங்களுடையது 100 அம்பியர். ஹீற் பம்ப் போதாத நேரத்தில் உதவும் பின்சூடேற்றியாக 10 கிலோவாற் மின்சாரச் சுருள் ஒன்று போட்டாலே 40 அம்பியருக்கு மேல் கேட்கும். மின்கார் வேறு வாங்கும் எண்ணம் இருக்கிறது.

இரண்டாவது டக்ற். ஃபர்னஸ் 50, 55 பாகைக் காற்றை அனுப்பும், ஹீற் பம்ப் 35, 40இல்தான் அனுப்பும். அதே சூட்டைத் தர கூடுதல் காற்று தேவை, தொன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடிக்குக் கிட்ட. 1970களில் ஃபர்னஸுக்கென்று போட்ட டக்ற்றில் அவ்வளவு காற்றைத் தள்ளினால் இரைச்சலும் வரும், மெசினும் திணறும். இரண்டரைத் தொன் வரை எங்கள் டக்ற் தாங்கும் என்று அளந்து சொன்னார்கள். வீட்டுக்கு மைனஸ் 18இல் தேவைப்படுவதோ 41,000 பி.ரி.யு. இந்தத் தேவையைக் கணிக்கும் கனடிய முறைக்கு சிஎஸ்ஏ எஃப்280 என்று பெயர். அதைச் செய்யாமல், பழைய ஃபர்னஸின் ஸ்ரிக்கரைப் பார்த்து "80,000 இருக்கு, ஆகப்பெரிய மெசின் போடுவம்" என்று சொன்னவரை அனுப்பிவிட்டேன். பழைய ஃபர்னஸ்கள் பெரும்பாலும் தேவைக்கு இரட்டிப்பாகத்தான் பூட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது மின்வெட்டு. 2013 டிசம்பரில் ஐஸ் மழை பெய்து நகரத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் இருண்டு கிடந்தன. நாங்களும் நத்தார் நேரத்தில் ஜக்கெற்றோடு படுத்தோம். கரண்ட் இல்லாமல் ஃபர்னஸும் ஓடாதுதான். ஆனால் அதன் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக்கும் வேண்டியது சில நூறு வாற், சின்ன ஜெனரேற்றர் ஒன்று அதைத் தாங்கும். முழு ஹீற் பம்ப்பை அப்படி ஓட்ட முடியாது.

ஒரு வாடகைக் கதையையும் இடையில் சொல்லவேண்டும். எங்களுக்கு வேண்டிய பெரியம்மா ஒருவர் வாசலுக்கு வந்த ஆளிடம் கையெழுத்து வைத்து, மாத வாடகைக்கு ஏசியும் ஃபர்னஸும் பூட்டினார். வீட்டை விற்கப் போன நேரத்தில்தான் காணிப் பதிவில் அந்த நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு ஏறியிருப்பது தெரிந்தது. அதை நீக்கக் கொடுத்த காசுக்கு இரண்டு ஹீற் பம்ப் வாங்கியிருக்கலாம். வாசலில் வந்து ஃபர்னஸ், ஏசி விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. வீட்டுச் சாமான்களுக்காக அப்படியான குறிப்புகளைப் பதிவதை 2024 ஜூனில் தடைசெய்தது. இருந்தும் "அரசாங்கத் திட்டம்" என்று தொலைபேசியில் இன்னும் கூப்பிடுகிறார்கள். அரச உதவிகள் இருக்கின்றன, காலத்துக்குக் காலம் மாறுகின்றன. மத்திய அரசின் 5,000 டொலர் மானியம் 2024 பெப்ரவரியில் புது விண்ணப்பங்களை நிறுத்தியது. மாகாணம் 2025 ஜனவரியில் இன்னொரு திட்டம் தொடங்கியது. கையெழுத்து வைக்குமுன் அரச தளத்தில் நீங்களே பாருங்கள். காசு கையில் இல்லாவிட்டால் வங்கிக் கடன் நல்லது, வாடகை வேண்டாம்.

வாங்கிய பிறகு

பராமரிப்பில்தான் இந்தப் பாதைகள் உண்மையாகப் பிரிகின்றன. ஃபர்னஸும் ஏசியும் வைத்திருந்த காலத்தில் நாங்கள் செய்தது மூன்றே வேலை: ஃபில்ரர் மாற்றுவது, ஒக்டோபரில் ஏசிக்குத் தார்ப்பாய் உறை போடுவது, அதன் பிரேக்கரை அணைப்பது. ஹீற் பம்ப்புக்குக் கடைசி இரண்டையும் செய்யவே கூடாது. குளிர்காலத்தில்தான் அது கூடுதலாக ஓடும், உறை போட்டால் மூச்சடைத்துவிடும். பிரேக்கரை அணைத்தால் கம்பிரசரின் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் சின்னச் சூடேற்றியும் நின்றுவிடும், பிறகு திடீரென்று ஓடவிட்டால் கம்பிரசருக்கு ஆபத்து. பழக்கதோஷத்தில் எங்கள் பேஸ்மென்ற்றில் இருக்கும் தம்பி முதல் வருடமே பழைய உறையைத் தேடி எடுத்துவந்து உதவிக்கு நின்றார்.

முதல் ஜனவரியில் ஒரு காலை மாமி திரைச்சீலையை விலக்கிவிட்டுக் கத்தினார்: "தம்பி, ஓடிவாங்கோ, மிசின் எரியுது!" வெளியே யூனிற்றைச் சுற்றி வெண்புகை. விசிறி நின்றிருந்தது, கீழே தண்ணீர் சொட்டியது. புகை அல்ல, ஆவி. வெளிச்சுருளில் ஈரக்காற்று பட்டு உறைபனி படியும். அதைக் கரைக்க மெசின் சில நிமிடம் திசையை மாற்றி, வீட்டுச் சூட்டில் கொஞ்சத்தை எடுத்து வெளியே அனுப்பும். அந்த நேரத்தில் உள்ளே குளிர்காற்று வராமல் ஃபர்னஸ் எரிந்து ஈடுகட்டும். பிளஸ் 2க்கும் மைனஸ் 5க்கும் இடையில் ஈரமான நாட்களில் இது அடிக்கடி நடக்கும். மைனஸ் 20இல் காற்று வறண்டிருப்பதால் குறைவு. மெசின் சுருளைத் தானே வழித்துக்கொள்ளும்வரை கவலையில்லை. பல மணி நேரமாகியும் சுருள் முழுதும் தடித்த ஐஸாக இருந்தால்தான் ஆளைக் கூப்பிடவேண்டும். கரண்டியால் கொத்தாதீர்கள், அலுமினியத் தகடு கடதாசிபோல் மடியும். ஐஸ் மழையில் விசிறி இறுகினால் மெசினை நிறுத்திவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், கொதிதண்ணீர் வேண்டாம்.

அந்தச் சொட்டுத் தண்ணீருக்காகவே யூனிற் 30, 40 சென்ரிமீற்றர் உயரத் தாங்கியில் இருக்கவேண்டும். ஸ்னோவும் கீழே தங்காது. கூரையிலிருந்து தண்ணீர் விழும் கோட்டிலும், நடைபாதை ஓரத்திலும் வைக்கவேண்டாம். பக்கத்துக் கதவுப் படியருகே வைத்த நண்பர் வீட்டில் ஒவ்வொரு காலையும் கண்ணாடிபோல் ஐஸ்.

ஃபில்ரர் விஷயத்தில் எங்கள் வீடுகள் தனி இனம். தாளிக்கும் எண்ணெய்ப்புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அதில்தான் போய்ச் சேரும். மூன்று மாதம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நான் மாதம் முதலாம் திகதி இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் நின்றதில்லை. ஃபர்னஸ் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஹீற் பம்ப் பொறுக்காது. காற்று குறைந்தால் அழுத்தம் ஏறித் தானே நின்றுவிடும். நல்லது செய்வதாக நினைத்து மிக நெருக்கமாக வடிகட்டும் ஒரு அங்குல மெர்வ் 13 ஃபில்ரரைப் பழைய டக்ற்றில் திணிக்கவேண்டாம், மெர்வ் 8 போதும். கூடுதல் வேண்டுமானால் நாலு அங்குலக் கூடு பூட்டச் சொல்லுங்கள். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை சுருளைத் தண்ணீர்க் குழாயால் மெதுவாகக் கழுவி, உள்ளே உள்ள வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குளிரூட்டி அழுத்தம் பார்ப்பது உரிமம் உள்ளவரின் வேலை.

எங்களுக்குக் கிடைத்த மோசமான அனுபவம் மெசினில் இல்லை, தெர்மோஸ்ராற்றில். முதல் குளிர்காலம் பாதி போனபின்தான் கவனித்தேன், ஹீற் பம்ப் ஓடுவதே அபூர்வம். பூட்டியவர்கள் பிளஸ் 4க்குக் கீழே ஃபர்னஸுக்கு மாறும்படி அமைத்து, அந்தப் பகுதிக்குக் கடவுச்சொல்லும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ரொறன்ரோவின் ஜனவரிச் சராசரியே மைனஸ் 4க்குக் கிட்ட. பிளஸ் 4 என்றால் 3,400 டொலர் கொடுத்து வாங்கிய பகுதி சும்மா கிடக்கிறது என்றுதான் அர்த்தம். கேட்டபோது, "சூடு காணாதெண்டு ஆக்கள் கூப்பிடுவினம் அண்ணை, அதுதான்" என்றான் வந்த பொடியன். பூட்டும் நாளிலேயே மாறும் வெப்பநிலை என்ன என்று கேட்டு, கடவுச்சொல்லையும் எழுதி வாங்குங்கள்.

இப்போது மைனஸ் 10இல் வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டரைத் தொன் அதுவரை தனியாக வீட்டைப் பிடிக்கிறது. மாலைநேர விலையின்போது ஹீற் பம்ப்பை நிறுத்தி ஃபர்னஸுக்கு மாறும்படி இந்த தெர்மோஸ்ராற்றில் அமைக்க முடியவில்லை. அதனால் 4 மணிக்கு முன் 22க்கு ஏற்றி, 4 முதல் 9 வரை 20இல் விடுகிறேன். பெரும்பாலான நாட்களில் அந்த ஐந்து மணி நேரத்தை வீடு தன் சூட்டிலேயே கடந்துவிடுகிறது. ஃபர்னஸ் காலத்தில் இரவில் 17க்கு இறக்கிக் காலையில் ஏற்றும் வழக்கம் இருந்தது, அதை விட்டாயிற்று. ஹீற் பம்ப் மெதுவாக, விடாமல் ஓடும் ஜாதி. நாலு பாகையை அரை மணியில் ஏறச் சொன்னால் பின்சூடேற்றியைத்தான் கூப்பிடும். முழு மின்சார வீடுகளில் ஹைட்ரோ பில் மும்மடங்காகும் கதைகள் பலவற்றுக்கு இதுவும், யாரோ தெரியாமல் அமத்திவிட்ட அவசரச் சூட்டுப் பொத்தானும்தான் காரணம்.

மாமிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. தரையில் உள்ள காற்றுவாயில் கையைப் பிடித்து, "காத்து வருது, சூடு வரேல்லை" என்பார். உடற்சூட்டுக்குக் கிட்ட, 36 பாகையில் வரும் காற்று கையில் பெரிதாகச் சூடாகத் தெரியாதுதான். சுவரில் 21 காட்டுவதைக் காட்டினால், "அது சொல்லும்" என்று சால்வையை இழுத்துவிடுவார்.

ஃபர்னஸுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கும். அது போகும்போது பனலையும் டக்ற்றையும் மறுபடி பார்ப்போம், தண்ணீர்ச் சூடாக்கியையும் மாற்றலாம். காஸ் மீற்றரின் மாத நிலைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அதற்குப் பிறகு தடையாக நிற்பது காஸ் அடுப்பு ஒன்றுதான். தோசைக்கல் விஷயத்தை வீட்டில் இன்னும் எடுக்கவில்லை.